தலைப்பை நடுவில் நிறுத்துகிறவர்

கட்டைவிரல் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் உள்ள தலைப்பு ஓர் எட்டு வலப்பக்கம் நகர்கிறது, தொழுவத்தை விட்டுக் கிளம்ப மனமில்லாத எருமை மாதிரி. பாதி வழி வந்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைக்கிறார். இடப்பக்கம் அளக்கிறார். வலப்பக்கம் அளக்கிறார். நாற்காலியைப் பின்னால் தள்ளி, ஒரு கண்ணை மூடி, தூக்குக்குண்டு பார்க்கிற கொத்தனார்போல் பார்க்கிறார். இன்னும் ஒரு தட்டு. மறுபடி அளவு.

"ம். உக்காந்துடுச்சு."

ஸ்கேல் பட்டுப் பட்டு அவருடைய திரையின் மேல்பக்கம் பூனை பிராண்டினாற்போல் கீறிக்கிடக்கிறது. கீறல் இல்லாத திரை வேலை செய்யாதவனுடைய திரை என்பது அவர் கணக்கு. விசைப்பலகையின் கதையும் அப்படித்தான். எழுத்துகள் எல்லாம் கடையில் வாங்கின மேனிக்கு இருக்க, கீழே நீளமாக இருக்கும் ஸ்பேஸ் பார் மட்டும் நடுவில் குழி விழுந்து பளபளவென்று ஆகி, ஒருநாள் அழுந்தினால் எழாமல் படுத்துவிடும். புதுப் பலகை கேட்டுக் கிடங்குக்கு ஆள் போனால், "மத்த கட்டையெல்லாம் நல்லாத்தானே இருக்கு, இதை மட்டும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். "உழைச்சேன்னு சொல்லு" என்று பதில் போகும்.

அது குடிநீர் வழங்கும் அலுவலகம். அவர் தலைமை எழுத்தர். பதவிப் பெயரைச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் யாராவது நினைத்துக்கொள்வார்கள். மற்ற நேரமெல்லாம் அவர் "டாக்டர்". மருத்துவமும் இல்லை, ஆராய்ச்சிப் பட்டமும் இல்லை. அந்த அலுவலகத்தில் கணினியில் எதையாவது தட்டச்சு செய்து, அது சொன்ன பேச்சுக் கேட்காமல் போனால், ஆட்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவர் மேஜைக்கு வருவார்கள். காலையில் அவர் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் இரண்டு மூன்று பேர் நின்றிருப்பார்கள். ஒருவர் கையில் அவருக்கு டீ இருக்கும். அந்த டீக்கு அவர் காசு கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

வந்த நோயாளிக்கு எடுத்த எடுப்பில் மருந்து சொல்ல மாட்டார். அது வைத்தியத்துக்கே அழகில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையை உற்றுப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். பிறகு விசாரணை தொடங்கும்.

"இதுக்கு முன்னாடி எதைத் தொறந்தே?"

"எதையும் தொறக்கலைண்ணே."

"எதையும் தொறக்காம இப்படி ஆவாது. நல்லா யோசிச்சுச் சொல்லு."

குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை விட மாட்டார். எதிராளியும் கடைசியில் தாங்க முடியாமல், நேற்று மத்தியானம் சும்மா ஒரு படத்தைத் திறந்து பார்த்தேன் என்றோ, பக்கத்தில் பழச்சாறு வைத்துக் குடித்தேன் என்றோ சொல்லிவிடுவான். "அப்படி வா வழிக்கு" என்று அதற்கப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

அவரிடம் உள்ள நோய்ப் பட்டியல் சின்னது. படம் தான் இருந்த பக்கத்தை விட்டு அடுத்த பக்கத்துக்கு ஓடினால், ஃபைலுக்கு வெயிட் ஜாஸ்தி. வரிகள் தானாகத் தடித்துப்போனால், சூடு. சொற்களுக்கு அடியில் சிவப்புக் கோடு நெளிந்தால், அது கம்ப்யூட்டருக்கு வருகிற கோபம்; கண்டுகொள்ளாமல் விட்டால் தானே அடங்கும். சிகிச்சையும் அதிகமில்லை. முதலில் அணைத்துவிட்டுப் போடுவது. அதற்கு மசியவில்லையென்றால், மொத்தத்தையும் மறுபடி முதலிலிருந்து தட்டுவது. படம் ரொம்பவும் அடம்பிடித்தால் அறுவை சிகிச்சை: படத்தைத் தனியாகப் பிரிண்ட் எடுத்து, கத்தரித்து, பசை தடவி, தாளில் விட்டிருக்கும் இடத்தில் ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். நோயாளி பிழைத்தாரா இல்லையா? பிழைத்தார். எப்படி என்று கேட்கக் கூடாது.

அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால், கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி என்டரை விடாமல் அமுக்கி அமுக்கி இறங்குவார். அட்டவணை போட வேண்டுமென்றால் கோடு கிடையாது, கட்டம் கிடையாது. ஸ்பேஸ் பார்தான் வரப்பு, ஸ்பேஸ் பார்தான் வாய்க்கால். இந்தக் கலையை அவர் ஒருவரிடமும் போய்க் கற்றவரில்லை. அலுவலகத்துக்குக் கணினி வந்த புதிதில் எல்லோரும் அதைக் கண்டு எட்டி நின்றபோது, துணிந்து முன்னால் உட்கார்ந்தவர் அவர். உட்கார்ந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் அவரைப் பார்த்துக் கற்றார்கள். ஆக, அந்தக் கட்டடத்தில் எழுதப்பட்ட எந்தக் கடிதத்தை எடுத்தாலும் அது அவருடைய கட்டைவிரலின் வம்சம்தான்.

தன் ஃபைலில் இன்னொருத்தர் கைபடுவது அவருக்கு ஆகாது. அதற்கு அவர் கண்டுபிடித்த காவல் விசித்திரமானது. முக்கியமான ஃபைல்களுக்கெல்லாம் 'மாமியார்', 'நாத்தனார்', 'சம்பந்தி' என்று பெயர் வைத்துவிடுவார். "ஆண்டறிக்கைன்னு பேர் வச்சா ஆளாளுக்குத் தொறந்து பார்ப்பான். மாமியார்னு இருந்தா ஒருத்தன் கை வைப்பானா?" என்பார். ஒருத்தரும் வைக்கவில்லை, அது உண்மை. ஆனால் ஒரு விடுமுறை நாளில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அலுவலகத்திலிருந்து வந்த போனுக்கு, "மாமியார் அசையவே மாட்டேங்குதா? கொஞ்ச நேரம் பாரு. அப்பவும் அசையலைன்னா கதையை முடிச்சுடு, நான் வந்து பாத்துக்கறேன்" என்று சத்தமாக வைத்தியம் சொன்னார். விருந்துக்கு வந்திருந்த அசல் மாமியார் அடுத்த அறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மனைவி அந்த வாரம் முழுக்க அவரிடம் மகள் மூலமாகத்தான் பேசினாள்.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். தன் கட்டுரைகளை அப்பாவிடம் காட்டாமல் கல்லூரிக்குக் கொண்டுபோக மாட்டாள். அவர் ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொரு தலைப்பாக நகர்த்திக் கொடுப்பார். "சூப்பர்ப்பா" என்பாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் தொட்டதையெல்லாம் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்வாள். அம்மாவுக்கு இது தெரியும். அப்பாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதில் இருவருக்கும் ஒரு வார்த்தை பேசாத ஒப்பந்தம்.

இப்படிச் சீராக ஓடிக்கொண்டிருந்த வைத்தியசாலைக்கு, புதிய அதிகாரி ஒருவர் மாற்றலாகி வந்ததில் முதல் இடி விழுந்தது. அவர் வயதில் டாக்டரைவிட இளையவர். பேச்சு மென்மை; கண் பொல்லாதது. முன்பிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் ஆண்டறிக்கை என்றால் தாள். கையில் கனமாக இருந்தால் போதும். இந்த அம்மாள் வந்ததும் சொன்னார், "பேப்பர் வேணாம். ஃபைலாவே எனக்கு அனுப்புங்க. நான் தொறந்து பாத்துட்டு அன்னிக்கே தலைமையகத்துக்கு அனுப்பணும்." சொல்லிவிட்டு, சும்மா சொல்கிற மாதிரி இன்னொன்றும் சொன்னார். பின்கட்டுக் கிடங்குக்கு அனுபவமுள்ள ஆள் ஒருவரைக் கேட்டிருக்கிறார்களாம். அறிக்கை கோணல்மாணலாக வந்தால் டாக்டரை அங்கே அனுப்புவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்குமாம்.

கிடங்கு என்பது அலுவலகத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, தகரக் கூரை போட்ட கட்டடம். குழாய்கள், வால்வுகள், துருப்பிடித்த மோட்டார்கள். மேஜையில் கணினி கிடையாது. சம்பளம் ஒன்றுதான், வீட்டுக்குப் போகிற நேரமும் ஒன்றுதான். ஆனால் அங்கே ஃபைலைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? விசாரணை செய்ய யார் இருப்பார்கள்? ஒரு வால்வு வந்து, "டாக்டர், என்னைக் கொஞ்சம் பாருங்க" என்று நிற்குமா?

டாக்டர் அன்றே அறிக்கையில் இறங்கிவிட்டார். வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே நினைப்பு. தலைப்புகளை ஒன்றுக்கு இரண்டு தடவை அளந்தார். அட்டவணைகளில் எண்களை நாற்று நட்டாற்போல் வரிசை பிடித்து நிறுத்தினார். முடித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை மெதுவாக உருட்டிப் பார்த்தபோது, அவருக்கே கண்பட்டுவிடும்போல் இருந்தது. புகார்ப் பிரிவு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். "அச்சடிச்ச மாதிரி இருக்கு டாக்டர்" என்றாள் அக்கா. மாமியாரை அதிகாரிக்கு அனுப்பிவைத்தார்.

அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. கூப்பிட்டார்கள்.

அதிகாரியின் திரையில் கிடந்தது அவருடைய அறிக்கை என்று அவரே முதலில் நம்பவில்லை. தலைப்புகள் திருவிழாக் கூட்டத்தில் பிரிந்துபோன பிள்ளைகள்போல் ஆளுக்கொரு பக்கம் நின்றன. எண்கள் வரிசை கலைந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. கையொப்பம் இடுகிற இடம் தனியாக ஒரு பக்கத்துக்கு ஓடிப்போயிருந்தது. நடந்தது இவ்வளவுதான்: டாக்டர் பயன்படுத்திய எழுத்துரு அதிகாரியின் கணினியில் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்ததும் எழுத்துகளெல்லாம் ஒரு சுற்றுப் பருத்துவிட்டன. அளந்து அளந்து விட்ட இடமெல்லாம் அளவு தப்பிப் போயிற்று.

"என்ன இது?" என்றார் அதிகாரி.

டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பழக்கம். "மெஷின்ல கோளாறு மேடம். உள்ள தூசி இருக்கும்."

"இது போன வாரம்தான் வந்துச்சு."

"அதான் மேடம். புதுசு. கொஞ்சம் பழகணும்."

அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் தலைப்பில் மவுஸை வைத்து, மேலே வரிசையாக இருந்த சின்னச் சின்னப் படங்களில், வரியை நடுவில் நிறுத்துவதற்கென்றே உள்ள ஒன்றை அழுத்தினார். தலைப்பு ஒரே தாவாகத் தாவி, நடுவையும் தாண்டி, வலப்பக்கம் போய் நின்றது.

டாக்டருக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா மேடம். நான் நிறுத்தின எடந்தான் சரி."

அதிகாரி இன்னொரு படத்தை அழுத்தினார். வெள்ளையாக இருந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக முளைத்தது. தலைப்புக்கு முன்னால் புள்ளிகள். எண்களுக்கு நடுவே புள்ளிகள். சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோன வீடு மாதிரி, பக்கம் முழுக்க எறும்பு.

"இதெல்லாம் என்ன தெரியுதா?"

டாக்டர் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் காட்சியை அவர் பார்த்ததில்லை. ஆனால் பார்க்கப் பார்க்கப் புரிந்துவிட்டது. பெற்றவனுக்குப் பிள்ளையைத் தெரியாமல் போகுமா?

"ஒவ்வொண்ணும் நான் தட்டினது மேடம்" என்றார்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உதட்டுவரை வந்ததை அடக்கிக்கொண்டு, ஒரு விசையை அழுத்திப் பிடித்தார். தலைப்புக்கு முன்னால் இருந்த எறும்புகள் மளமளவென்று செத்தன. கடைசிப் புள்ளி போனதும் தலைப்பு தானாக நகர்ந்து நடுவில் வந்து நின்றது. ஸ்கேல் கையில் இல்லாததால் டாக்டர் திரைமேல் சாண் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்தார். மயிரிழை பிசகவில்லை. உட்காரச் சொல்லாமலே எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது எப்பலேர்ந்து மேடம் இருக்கு?"

"எது?"

"இந்தப் பட்டன்."

"ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு."

டாக்டர் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நேரமில்லை, அன்றே அறிக்கை போயாக வேண்டும். ஒவ்வோர் எறும்பாகப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்று அதிகாரி ஒரு குறுக்குவழி பிடித்தார். இரட்டை இடைவெளி எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே ஆணையில் அழிக்கச் சொல்லிக் கணினியை ஏவிவிட்டார். அது சொன்னதைச் செய்தது. அட்டவணையில் தள்ளித் தள்ளி நின்ற எண்களெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டன. நான்காம் எண் மோட்டார் பன்னிரண்டு முறை பழுதான செய்தி, நானூற்றுப் பன்னிரண்டாம் எண் மோட்டார் என்று ஒரே எண்ணாக நின்றது. அந்த ஊருக்கே அத்தனை மோட்டார் கிடையாது. அதிகாரி தலைமையகத்தில் நல்ல பெயர் வாங்கி வந்தவர். சுட்டதுபோல் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பரவால்ல மேடம்" என்றார் டாக்டர், நோயாளியின் படுக்கையருகே நின்று சொல்கிற குரலில். "எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் ஆச்சு."

அதிகாரி ஒரு பார்வை பார்த்தார். பிறகு கடைசியாகச் செய்ததை ஒரே தட்டில் திருப்பி எடுத்து, எண்களைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். செய்த தவறைத் திருப்பி எடுக்க முடியும் என்பது டாக்டருக்கு அன்றைய இரண்டாவது இடி. அதையும் வாங்கிக்கொண்டு நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டார். கட்டம் போடுவது எப்படி என்று அதிகாரி காட்டினார். எந்த எண் எந்த மோட்டாருடையது என்று இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் டப்பாவிலேயே ஆறிப்போயிற்று. மாலையில் அறிக்கை போயிற்று. தலைமையகத்திலிருந்து ஒழுங்காக வந்து சேர்ந்தது என்று பதிலும் வந்தது.

டாக்டர் எழுந்து வாசல்வரை போனபோது அதிகாரி சொன்னார், "கிடங்குப் பேச்சை விட்டுடலாம். நீங்க இங்கயே இருங்க. ஆனா ஒண்ணு. திங்கக்கிழமையிலேர்ந்து எல்லாருக்கும் இதை நீங்களே சொல்லிக் குடுத்துடணும். ஆர்டரே போட்டுடறேன்."

"ஆகட்டும் மேடம்" என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார். எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் ஆளாளுக்கு அந்தப் பட்டன் தெரிந்துவிட்டால், காலையில் அவர் மேஜைக்கு முன்னால் யார் நிற்பார்கள்? தகரக் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டாம், கிடங்கு தானே நடந்து அவர் நாற்காலியைச் சுற்றி வந்து நின்றுகொள்ளுமே. அன்று வீட்டில் மகள் கட்டுரையைக் கொண்டுவந்து நீட்டியபோது, தலைவலிக்கிறது, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். மகளும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் உத்தரவு தொங்கியது: கணினியில் ஆவணம் தயாரிப்பதில் இன்றுமுதல் தலைமை எழுத்தர் அனைவருக்கும் பயிற்சி அளிப்பார். அதைப் படித்துவிட்டு, "டாக்டர் இப்ப புரொஃபசர் ஆயிட்டாரு" என்று புகார்ப் பிரிவில் பேசிக்கொண்டார்கள். படித்த கையோடு முதல் ஆளாக மீட்டர் பார்க்கிறவர் வந்து நின்றார். நாளை குழாயில் தண்ணீர் வராது என்று ஓர் அறிவிப்பு. தலைப்பு ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு நடுவுக்கு வர மாட்டேன் என்கிறது.

"பயிற்சின்னு போட்டிருக்கே, எப்படின்னு நானும் பாத்துக்கறேன் டாக்டர்" என்று திரைக்குள் தலையை நீட்டினார் மீட்டர்காரர்.

டாக்டர் திரையை உற்றுப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். இதற்கு முன்னால் எதைத் திறந்தாய் என்று கேட்டார். மீட்டர்காரர் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டார்.

"இது கொஞ்சம் சிக்கலான கேசு. எடுத்த எடுப்புல படிச்சுக்கற விஷயமில்ல. நீ அந்தச் செவத்துப் பக்கமா நில்லு, வெளிச்சம் மறைக்குது."

மீட்டர்காரர் நகர்ந்து நின்றார். ஆனாலும் கழுத்து மட்டும் இந்தப் பக்கமே இருந்தது. டாக்டர் அதிகாரியின் சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு நாற்காலியைத் திரையோடு ஒட்டி இழுத்துப் போட்டு, இடது உள்ளங்கையை அகல விரித்து, பட்டன் வரிசை இருக்கும் திரையின் மேல் ஓரத்தைக் கவனமாக மூடிக்கொண்டு, வலது கையால் மவுஸை ஒரே ஒரு தடவை அழுத்தினார்.